மீன் தொட்டிக்கு மேல்மூடி: மட்டக்களப்பு வெக்கையில் செய்வதா, வலையோடு விடுவதா?

மட்டக்களப்பில் மீன் தொட்டிக்குப் பலகை மேல்மூடி போடலாமா என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது வெக்கை. அழகு பிறகு. குளிர்நாட்டுக்காரர் தங்கள் அறைக்குச் செய்த கனோபியின் (பெட்டி போன்ற மேல்மூடி) அளவை அப்படியே எடுத்து இங்கே செய்து வைத்தால், கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கிய கிழமையே மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இந்தப் பதிவில் எடுத்துக்கொண்டது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மூன்றடித் தொட்டி: 36 அங்குலம் நீளம், 18 அகலம், 18 உயரம், 8 மி.மீ. கண்ணாடி. விளிம்பிலிருந்து 35 மி.மீ. கீழே தண்ணீர், அடியில் இரண்டு அங்குலக் கல். தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 150 லீற்றர் வரும். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி போன்ற கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல்திட்டு வீடொன்றின் முன்னறை என்று வைத்துக்கொள்வோம். வேறு அளவுத் தொட்டிக்கும் கணக்கு இதே வழிதான்.

தொட்டிக்குள் வெப்பம் எங்கிருந்து வருகிறது, எப்படி வெளியேறுகிறது என்று பார்ப்போம். 15 வொட் பில்டர் இரவு பகலாக ஓடுகிறது. 24 வொட் எல்இடி 8 மணி நேரம் எரிந்தால் நாள் முழுவதற்கும் சராசரி 8 வொட். மொத்தம் 23 வொட். வெளியேற வழியே இல்லாவிட்டால், 150 லீற்றர் தண்ணீரை ஒரே நாளில் 3 பாகை ஏற்ற இது போதும். கண்ணாடி வழியாகக் கொஞ்சம் போகும். மிச்சம் போவது ஆவியாக. ஒரு லீற்றர் தண்ணீர் 24 மணி நேரத்தில் ஆவியானால், நாள் முழுக்க 28 வொட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இந்தத் தொட்டியின் நீர்ப்பரப்பு 0.4 சதுர மீற்றர். மட்டம் 1 மி.மீ. இறங்கினால் 0.4 லீற்றர் போயிருக்கிறது. ஆக, நாளுக்கு 2 மி.மீ. இறங்கினாலே பில்டரும் விளக்கும் கொடுத்த வெப்பம் முழுவதும் போய்விடும். கரண்ட் பில் இல்லாமல் நடக்கும் குளிரூட்டல் இது. இறுக்கமான மேல்மூடி முதலில் நிறுத்துவது இதைத்தான்.

நம் ஊரில் இந்தக் குளிரூட்டல் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. கச்சான் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு வறண்டு இந்தப் பக்கம் வருகிறது. காற்று 33 பாகை, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 25 பாகை அளவில் நிற்கும். திறந்த தண்ணீர் அந்த 25ஐ நோக்கி இழுபடும். ஆவியாவது நின்றுபோனால் தண்ணீர் இழுபடுவது 33ஐ நோக்கித்தான். மாரியில் 30 பாகை, 80 சதவீத ஈரம் என்றால் ஈரத்துணி வெப்பமானி 27இல் நிற்கும். இழுப்பு அரைவாசிக்கும் குறைவு. அதனால் மேல்மூடி மார்கழியில் பெரிதாக ஒன்றும் செய்யாது. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து ஆவணி வரைதான் அதன் குணம் தெரியும்.

வெப்பம் ஏறினால் காற்றும் குறையும். நன்னீர் 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மி.கிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும், 32 பாகையில் 7.3. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அதே வெப்பத்தில் மீனுக்குத் தேவை கூடுகிறது, அடியில் கிடக்கும் சாப்பாட்டு எச்சத்தை அழுகவைக்கும் பக்டீரியாவுக்கும் தேவை கூடுகிறது.

இவ்வளவும் மூடிக்கு எதிரான பக்கம். மூடிக்குச் சார்பாகவும் நிறைய இருக்கிறது. வாள்வால், விரால் குஞ்சு, கில்லி வகைகள் எல்லாம் பாயும். மூடாத தொட்டியில் அவை தரையில் காய்ந்து கிடக்கும். குராமி, பைட்டர் போன்றவை மேலே வந்து வெளிக்காற்றையே சுவாசிப்பவை. நீர்மட்டத்துக்கு மேல் ஈரமும் இளஞ்சூடும் உள்ள காற்று நிற்பது அவற்றுக்கு நல்லது. பல்லி விழாது, ஈசல் விழாது. விளக்கு கண்ணில் குத்தாது.

மூடிக்குச் சார்பான பெரிய காரணம் கிணற்றுத் தண்ணீர். நாளுக்கு 5 மி.மீ. இறங்கும் தொட்டிக்கு 2 லீற்றர், மாதத்துக்கு 60 லீற்றர் ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கும். லீற்றருக்கு 500 மி.கிராம் கரைபொருள் உள்ள கிணறு என்றால் மாதம் 30 கிராம் உள்ளே சேர்கிறது. கண்ணாடியில் நீர்மட்டத்தோடு வரும் வெள்ளைக் கோடு அதுதான். இதற்காகவே மூடி செய்ய நினைப்பவர் முதலில் இறங்கிய மட்டத்தை நிரப்ப மட்டும் மழைத்தண்ணீர் அல்லது ஒரு நாள் வாளியில் வைத்த குழாய்த்தண்ணீர் பயன்படுத்திப் பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீரை கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது மட்டும் எடுத்தால் போதும். பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும், பலகையும் வேண்டாம்.

பலகை வாங்கும் முன் ஒரு சோதனை. கண்ணாடியில் நீர்மட்டத்தில் மெல்லிய டேப் ஒட்டுங்கள். மூன்று நாள் திறந்தபடி விட்டு, காலை 6 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் தண்ணீரின் வெப்பத்தை எழுதுங்கள். அடுத்த மூன்று நாள் மேலே தடித்த பொலித்தீனை விரித்து, பில்டர் குழாய் போகும் இடத்தை மட்டும் விட்டு மூடி, அதே நேரங்களில் எழுதுங்கள். பொலித்தீன் காற்றுப் புகாத மேல்மூடிக்குச் சமம். உண்மையான மூடி இதைவிட மோசமாக இராது. வெயில் நாட்களில் செய்தால்தான் பலன். மாரியில் செய்த சோதனை எல்லா மூடியையும் நல்லது என்றே சொல்லும்.

மூடிய நாட்களில் பின்னேர வெப்பம் 30ஐத் தாண்டாவிட்டால் எந்த மூடியும் போடலாம். 30க்கும் 32க்கும் இடையில் என்றால், பின்பக்கம் திறந்து விசிறி வைத்த மூடி மட்டும். 32ஐத் தாண்டினால் பலகை மூடியை மறந்துவிட வேண்டும். கோல்ட் பிஷ், செரி இறால் வைத்திருப்பவர் இந்தச் சோதனையே செய்ய வேண்டியதில்லை. அவற்றுக்கு நம் ஊர் வெக்கை ஏற்கெனவே அதிகம். வலை மட்டும் போடுங்கள்.

வலை மூடியைக் குறைவாக நினைக்கக்கூடாது. யன்னலுக்கு நுளம்பு வலை அடிக்கும் அலுமினியக் கடையில் தொட்டியின் அளவைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பிரேம் அடித்துத் தருவார்கள். விளக்கு மேலே இருந்தால் நுளம்பு வலை வெளிச்சத்தில் நல்லதொரு பங்கைத் தின்னும். அதற்குப் பதில் வலைக் கடையில் கால் அங்குலக் கண்ணுள்ள நைலோன் வலைத் துண்டு வாங்கி அதே பிரேமில் இழுத்துக் கட்டலாம். குப்பிக் குஞ்சுக்கு அந்தக் கண் பெரிது, மற்றதெல்லாம் தங்கும். மட்டக்களப்பில் பத்தில் ஏழு தொட்டிக்கு இதுவே போதும் என்பது எங்கள் கணிப்பு.

இனி, சோதனையில் 30க்கும் 32க்கும் இடையில் வந்த தொட்டிக்கு மேல்மூடி.

பலகை விஷயத்தில் எம்டிஎப் (மரத்தூள் அழுத்திய பலகை) பக்கம் போகவே வேண்டாம். ஆவி பட்ட விளிம்பு சில மாதத்தில் ஊதிவிடும். மரீன் பிளைவூட் நல்லது, ஆனால் வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும் எபொக்சி போட்டு அடைக்க வேண்டும், கறையானையும் பார்க்க வேண்டும். கறையான் மருந்து பூசிய பலகையைத் தொட்டிக்கு மேல் வைக்கவே கூடாது. பேர்மெத்ரின் வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். ஆவி படிந்து சொட்டும் இடத்தில் அவை நேரே தண்ணீருக்குள்தான் போகும். செம்பு கலந்த மரப்பாதுகாப்பு மருந்து இறாலையும் நத்தையையும் முடித்துவிடும். அதனால் இந்த வேலைக்கு 12 மி.மீ. பிவிசி போம் போட் (பாரமில்லாத பிளாஸ்டிக் பலகை). பென்ட்ரி கபர்ட் செய்யும் இடங்களில் வெட்டி மிஞ்சிய துண்டு கேளுங்கள். 8க்கு 4 அடித் தாளில் மூன்றில் ஒரு பங்குதான் தேவை.

தொட்டி நேராக இருக்கும் என்று நம்பி வெட்டக்கூடாது. மேல் விளிம்பை இரண்டு முனையிலும் நடுவிலும், இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, கூடிய அளவை எடுக்க வேண்டும். இங்கே வெளியளவு 914க்கு 457 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. விட்டால் மூடியின் உள்ளளவு 920க்கு 463, வெளியளவு 944க்கு 487. வெட்டும் துண்டுகள்: முன்பலகை 944க்கு 200, பக்கப்பலகை இரண்டு, 463க்கு 200, பின்னுக்கு மேல் ஓரத்தில் மட்டும் 944க்கு 60 பட்டி, மேலுக்கு 944க்கு 150 நிலையான துண்டும் 944க்கு 335 திறக்கும் துண்டும். இரண்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. முன்பலகையும் பின்பட்டியும் பக்கப்பலகையின் முனைகளை மூடியபடி நிற்கும்.

போம் போட்டின் 12 மி.மீ. விளிம்புக்குள் திருகாணி ஏற்றினால் அது பிடிக்காது, கொஞ்ச நாளில் கழன்று ஆடும். உள்மூலைகளில் 20க்கு 20 மி.மீ. பிவிசிக் கட்டை வைத்து, குழாய் ஒட்டும் பிவிசி கம் பூசி, கட்டை வழியாக இரண்டு பக்கமும் 30 மி.மீ. ஸ்டெயின்லெஸ் திருகாணி. கட்டையும் பலகையும் சேர்ந்து 32 மி.மீ. என்பதால் முனை வெளியே வராது. ஆனால் தலையை ஆழமாகப் புதைத்தால் வரும். ட்ரில்லால் முதலில் ஓட்டை போட்டுவிட்டு, திருகாணியைக் கையால் இறுக்குங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கம் இறுகும்வரை ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள்.

மூடி கண்ணாடியில் உட்காருவது 25 மி.மீ. அலுமினிய எங்கிளில் (எல் வடிவப் பட்டி). முன்பலகை, இரண்டு பக்கப்பலகை ஆகியவற்றின் உட்பக்கம், கீழ் விளிம்பிலிருந்து 35 மி.மீ. மேலே கோடு போட்டு, 150 மி.மீ.க்கு ஒன்றாக 4 மி.மீ. போல்ட் கொண்டு பூட்ட வேண்டும். எங்கிளின் படுத்த பக்கத்துக்குக் கீழே 3 மி.மீ. ஈவிஏ (ரப்பர் போன்ற மெத்தென்ற நுரை) பட்டி ஒட்டாவிட்டால் முழுப் பாரமும் கண்ணாடி விளிம்பின் ஒரு சின்னப் புள்ளியில் நிற்கும், அங்கே சில்லு பெயரும். எல்லாம் சேர்ந்து 7 கிலோ அளவு வரும், 8 மி.மீ. கண்ணாடிக்கு அது பாரமே இல்லை, சமமாக உட்கார்ந்தால். எங்கிள் தொட்டிக்குள் 14 மி.மீ. நீட்டி நிற்கும். அதைவிட அகலமான எங்கிள் போட்டால் பாய்ந்த மீன் அதன் மேல் விழுந்து அங்கேயே கிடந்து செத்துப்போகும்.

ஒழுக்கு பெரும்பாலும் தொடங்குவது இந்த எங்கிளில்தான். மூடியின் உட்பக்கம் படியும் ஆவி துளியாகி முன்பலகையில் வழிந்து, பலகைக்கும் எங்கிளுக்கும் நடுவிலுள்ள மயிரிழை வழியாக இறங்கி, கண்ணாடியின் வெளிப்பக்கமாக ஸ்டாண்டுக்குப் போகும். தொட்டி ஒழுகுகிறது என்று பயந்து தண்ணீரை இறைத்துக் கொட்டியவர்கள் உண்டு. எங்கிளும் பலகையும் சேரும் மேல்கோடு முழுக்க சிலிக்கோன் ஒரு கோடு இழுத்து, எங்கிளின் உள்விளிம்பு ஒரு மி.மீ. தாழ்ந்திருக்கும்படி பூட்டினால் துளி உள்ளேயே சொட்டும்.

335 மி.மீ. திறக்கும் துண்டு 12 மி.மீ. தடிப்பில் நடுவில் தொய்யும். முன் ஓரத்தின் அடியில் மிஞ்சிய எங்கிளை முழு நீளத்துக்கும் பூட்டுங்கள். பிணைச்சல் பித்தளையில் மூன்று. இரும்புப் பிணைச்சல் கடற்காற்றில் ஒரு மாரி தாங்காது, துருவும் தொட்டிக்குள்தான் விழும்.

விசிறிக்கு 120 மி.மீ. அளவுள்ள 12 வோல்ட் கொம்பியூட்டர் விசிறி ஒன்று போதும். இடது பக்கப்பலகையில், முன்பலகைக்குக் கிட்ட, 115 மி.மீ. வட்டம் வெட்டி, 105 மி.மீ. இடைவெளியில் நான்கு ஓட்டை. காற்று உள்ளே ஊதும்படி பூட்ட வேண்டும். வெளியே இழுக்கும்படி வைத்தால் ஈரக்காற்று முழுவதும் மோட்டார் வழியாகப் போய் பெயாரிங்கைத் தின்றுவிடும். குளிர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. பின்பக்கம் முழுக்கத் திறந்திருந்தால் விசிறிக் காற்று பக்கத்திலேயே வெளியே ஓடிவிடும். அதனால் இடது முனையிலிருந்து 300 மி.மீ. வரை பின்பக்கத்தை மிஞ்சிய பலகையால் அடைத்து, மிச்சத்துக்கு நுளம்பு வலை. காற்று நீர்ப்பரப்பின் நீளத்துக்கும் ஓடி வலது பின்மூலையால் வெளியேறும். அந்த வலையில் தூசும் உப்பும் பிடித்து மெல்ல மெல்ல அடைபடும். மாதம் ஒருமுறை பிரஷ் போட்டால் போதும்.

விளக்குக்கு 85 செ.மீ. அலுமினியப் புரொபைல் இரண்டு, அதற்குள் மீற்றருக்கு 14.4 வொட் எல்இடி பட்டி. மொத்தம் 1.7 மீற்றர், 24.5 வொட், 2 அம்பியர். விசிறியோடு சேர்த்தாலும் 12 வோல்ட் 5 அம்பியர் அடப்டரின் பாதியைத் தாண்டாது. இந்த வெக்கையில் அடப்டரைப் பாதிச் சுமைக்கு மேல் ஓட்டாமலிருப்பது நல்லது. பட்டி சிலிக்கோன் உறை போட்ட, தண்ணீர் புகாத ஐபி 67 தரமாக இருக்க வேண்டும். வெட்டி வயர் பிடித்த முனைகளை அடைக்க, கண்ணாடிக்குப் பூசும் வினாகிரி மணம் வரும் சிலிக்கோனை எடுக்காதீர்கள். அது இறுகும்போது விடும் அசெற்றிக் அமிலம் செம்பை அரித்துவிடும். மணமில்லாத நியூட்ரல் சிலிக்கோன் கேட்டு வாங்குங்கள். 24 வொட்டில் அனுபியாஸ், ஜாவா பேர்ன் செடிகள் நன்றாக வரும். தரையில் படரும் செடி வராது.

விசிறியை நாள் முழுக்க ஓடவிட்டால் தேவையில்லாமல் தண்ணீர் இறங்கும். டபிள்யூ1209 என்ற சின்ன வெப்பக் கட்டுப்பாட்டு மொடியூல் இலக்ட்ரோனிக் கடைகளில் கிடைக்கும், 12 வோல்ட்டிலேயே ஓடும். அதன் செற்றிங்கில் பி0ஐ குளிரூட்டும் நிலைக்கு மாற்றி, பி1ஐ (ஓடும் வெப்பத்துக்கும் நிற்கும் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம்) 1 பாகையாக வைத்து, 29இல் செற் செய்தால், 29ஐத் தாண்டியதும் விசிறி ஓடும், 28இல் நிற்கும். அதோடு வரும் சென்சரின் உலோகக் குப்பி பார்க்க இறுக்கமாகத் தெரிந்தாலும் வயர் நுழையும் பக்கம் தண்ணீர் இறங்கும். சில மாதத்தில் வெப்பத்தைப் பொய்யாகக் காட்டத் தொடங்கும். நுழைவாயிலை நியூட்ரல் சிலிக்கோனால் அடைத்து, இறுகிய பின் தண்ணீரில் போடுங்கள். எப்படியும் பக்கத்தில் சாதாரணக் கண்ணாடி வெப்பமானி ஒன்று தொங்கட்டும்.

230 வோல்ட் எதுவும் மூடிக்குள் வரக்கூடாது. அடப்டரும் மொடியூலும் சுவரில், தொட்டி விளிம்புக்கு மேலான உயரத்தில், ஓர் அடி தள்ளி. பில்டர் வயர் பிளக் பொயின்டுக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே வளைந்து தொங்க வேண்டும்; வயரோடு வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர்தானா என்று பார்த்து, டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று சோதியுங்கள். விழாவிட்டால் மூடி வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

ஒட்டு மணம், சிலிக்கோன் மணம் எல்லாம் போக மூடியை வராந்தாவில் ஒரு கிழமை காற்றில் வையுங்கள். மாரி என்றால் இரண்டு கிழமை. வைத்த பிறகு பொலித்தீன் சோதனையில் எழுதிய அதே இரண்டு நேரங்களில் மறுபடி மூன்று நாள் எழுதுங்கள். திறந்த நாட்களைவிட ஒரு பாகைக்குள் நின்றால் வேலை சரி. இரண்டு பாகை கூடினால் பின்பக்க வலையில் இன்னும் இடம் திறக்க வேண்டும். இரண்டாவது விசிறி போடுவதைவிட அது நல்லது.

மாரியில் கரண்ட் போகும்போது மூடியின் முன்துண்டைத் தூக்கி வைத்துவிடுங்கள். பில்டரும் விசிறியும் நின்ற பிறகு, மூடிக்குக் கீழே தேங்கிய காற்றோடுதான் தண்ணீர் ஒட்சிசன் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்இடி உறையில் வெள்ளைப் புள்ளி படிந்து வெளிச்சம் குறைந்தால் வினாகிரி தொட்ட துணியால் துடைக்கலாம், துடைத்த துணியைத் தொட்டிக்கு மேல் பிழியாமல். எறும்பு அடப்டருக்குள்ளும் விசிறியின் வயர் ஓட்டையிலும் கூடுகட்டும். மருந்துப் பொடி தூவ வேண்டாம். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வைக்கலாம், வயர் ஏறும் இடத்தில் வசலின் பூசலாம்.

நுளம்புப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவித்தால் மேல்மூடியை நம்பியிருக்கக் கூடாது. இந்த மூடி காற்றை உள்ளே இழுக்கவே செய்யப்பட்டது. புகையில் உள்ள பைரித்ரொயிட் என்ற பூச்சிமருந்து மனிதருக்குச் செய்வதைவிடப் பல மடங்கு தீங்கு மீனுக்குச் செய்யும். விசிறியை நிறுத்துங்கள், காற்றுப் பம்பையும் நிறுத்துங்கள். அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுவதுதான் அதன் வேலை. ஈரத் துவாயால் மூடியின் பின்பக்கத்தையும் விசிறி ஓட்டையையும் மூடி, புகை கலைந்து யன்னலெல்லாம் திறந்து ஒரு மணி நேரம் போன பிறகு துவாயை வெளிப்பக்கமாக மடித்து எடுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பில்டர் அந்த நேரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். மூடியின் மேல்புறத்தை ஈரத்துணியால் துடைத்த பிறகே திறந்து சாப்பாடு போடுங்கள்.